ஊரில் இருந்துகொண்டே லிங்க்ட்இன் மூலம் தொழில் தொடர்புகளை வளர்க்க முடியுமா?

முடியும். அதற்கு முன் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். மொத்தமாகத் தேன் வாங்க ஆள் பிடிக்கலாம் என்று லிங்க்ட்இனில் கணக்கு தொடங்கி, கண்ணில் பட்ட 'பர்ச்சேஸ் மேனேஜர்' எல்லோருக்கும் ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். ஒருநாள் பெயரை மாற்றவும் மறந்துவிட்டேன். 'அது நான் இல்லைங்க' என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதினார். எனக்கு வந்த ஒரே பதில் அதுதான்.

சரி, விற்கிற பேச்சே வேண்டாம் என்று தோட்டத்தில் பார்ப்பதைப் போட ஆரம்பித்தேன். ரப்பர் தேன் பூவிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இலையுதிர்ந்து புதுத் தளிர் வரும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீ அதைத்தான் உறிஞ்சும். போனை இலையோடு ஒட்டிப் பிடித்து அந்தச் சொட்டை வீடியோ எடுத்தேன். பின்னணி இசை காக்கைச் சத்தம்.

'ஈரப்பதம் எவ்வளவு?' என்று கீழே ஒருவர் கேட்டார். 20 சதவீதத்தைத் தாண்டினால் விதிப்படி தேன் தேறாது. நம் நாட்டுத் தேனீயின் தேனில் இது தீராத தலைவலி. மழைக்குப் பயந்து, தேனீக்கள் அடையை மெழுகால் முழுதாக மூடும் முன்பே எடுத்துவிட்டேன், 23 வந்தது என்று உள்ளதை எழுதினேன். எழுதிவிட்டு, வாயைக் கொடுத்துக் கெட்டோமோ என்று ராத்திரி தூக்கமில்லை. கேட்டவர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர். அடுத்த எடுப்பில் மாதிரி அனுப்பச் சொன்னார். அது தேறியதும், வாங்கும் இரண்டு பேரை அவரே அறிமுகப்படுத்தினார்.

2023-இல் எங்கள் பக்கத்து மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, புதிதாக விசாரித்தவர்கள் என் பழைய பதிவுகளைப் படித்துவிட்டே கூப்பிட்டார்கள்.

இப்போதும் முன்பின் தெரியாதவருக்கு எழுதுவேன். ஆனால் அவர் போட்டதில் எதைப் படித்தேன், அதில் என்ன சந்தேகம் என்று இரண்டு வரிதான். பழகிய பிறகு பேச்சு வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். நேரில் பார்த்தால் இன்னும் நல்லது. போன மாசியில் அந்தப் பரிசோதனைக் கூடத்து அண்ணன் தோட்டத்துக்கே வந்தார். வலை போடாமல் பெட்டியைத் திறக்கப் போய், கண்ணுக்கு மேல் ஒரு கொட்டு. வீங்கிய முகத்தோடு படம் எடுத்து அவரே போட்டார். அதைப் பார்த்துத்தான் மூன்று பேர் என்னிடம் தேன் விலை கேட்டார்கள்.