மேல்வீட்டுப் பெட்டியில் கை வைக்காதேயும்

தம்பி, டொரொன்டோ ஸ்காபரோவில் பேஸ்மென்ட் எடுத்து இரண்டு மாதம், வீட்டுக்காரரின் இணையப் பெட்டி, அதாவது கேட்வே, மேல்மாடியில், கீழே வைஃபை வந்து வந்து போகிறது, சொந்தமாக ஒரு மெஷ் ரவுட்டர் (இரண்டு மூன்று துண்டாக வைத்து வீடு முழுக்க ஒரே வைஃபை பரப்புகிற சாமான்) வாங்கிப் பொருத்தலாமா, எந்தக் கம்பனி நல்லது என்று கேட்டிருந்தீர். கம்பனியை விடும். மலிவு விற்பனையில் போகிற இரண்டு துண்டு மெஷ் போதும். ஆயிரம் மெகாபிட் வேகம் இல்லாவிட்டால் அது இணையமே இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்கள் கனபேர் வருவார்கள். அவர்கள் வீட்டில் நடப்பது அம்மா நாடகம் பார்க்கிறதும் ஊருக்கு வீடியோவில் கதைக்கிறதும்தான், அதற்கு ஐம்பதே தாராளம்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. யாராவது உமக்கு "கேட்வேயை பிரிட்ஜ் மோடில் போடு" என்று சொல்லித் தருவார்கள். லைன் சொந்தமென்றால் நல்ல யோசனைதான். கேட்வே என்பது மோடமும் ரவுட்டரும் வைஃபையும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற சாமான், பிரிட்ஜில் போட்டால் அது வெறும் மோடமாகிவிடும், பெரும்பாலும் வைஃபையும் நின்றுவிடும். மூன்று வருடத்துக்கு முன் என் பேஸ்மென்டில் இருந்த பெடியன், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கிற அறையிலிருந்த என் பெட்டியில் இதைத்தான் செய்தான், கடவுச்சொல் அடியில் ஸ்டிக்கரில் இருந்ததாம். மேலே டிவி, மகளின் லாப்டாப், வாசல் கமரா எல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போக, நான் நாற்பது நிமிடம் போனில் கம்பனிக்காரரின் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவன் கீழே "இன்றைக்கு நல்ல ஸ்பீட் அண்ணை" என்கிறான்!

ஆகவே அந்தப் பெட்டியைத் தொடாதேயும். வீட்டுக்காரரிடம் கேட்டு, கேட்வேயின் லான் (LAN, வீட்டுச் சாமான்களைச் செருகுகிற) துளையிலிருந்து படிக்கட்டு ஓரமாக ஒரு கேபிள் இறக்கி, மெஷ் ரவுட்டரின் வான் (WAN, வெளியிலிருந்து இணையம் வருகிற) துளையில் செருகும். அதன் லானில் செருகினால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு, ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் வேண்டிய இலக்கமான ஐபி முகவரியைக் கொடுக்கத் தொடங்கி, ஒரு போன் வேலை செய்யும், மற்றது செய்யாது, நீர் தலையைப் பிய்த்துக்கொள்வீர். இரண்டு ரவுட்டர் அடுத்தடுத்து இருப்பதை டபுள் நாட் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். சில ஒன்லைன் விளையாட்டு அடம்பிடிக்கும், மேலேயுள்ள பிரின்டரை உம்முடைய போன் தானாகக் கண்டுபிடிக்காது, அவ்வளவுதான். வாடகைக்கு இருப்பவனுக்கு அது ஒரு வேலி என்றும் சொல்லலாம், மேலேயிருந்து யாரும் உம்முடைய கணினியை எட்டிப் பார்க்க முடியாது. மெஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் பரப்பும்படி, போட்டால் அந்த வேலி போய்விடும். மற்றத் துண்டை வைஃபை செத்த மூலையில் வைக்காமல் பாதி வழியில் வையும். ஃபர்னஸ் பக்கம் வேண்டாம், அந்தத் தகரக் குழாய்கள் சிக்னலைத் தின்றுவிடும்.

நான் வந்தது 1999 ஜனவரி, பனி அள்ள டொரொன்டோ மேயர் ராணுவத்தைக் கூப்பிட்ட மாதம். அப்போதும் பேஸ்மென்ட்தான், மேலே கீழே ஒரே டெலிபோன் லைன். பழைய கம்பியூட்டர் ஒன்று வாங்கி, இரவு பதினொரு மணிக்குப் பிறகு டயல்-அப் போட்டு ஊர்ச் செய்தி பார்ப்பேன். பாதிப் பக்கம் இறங்கும்போது வீட்டுக்கார அன்ரி மேலே ரிசீவரைத் தூக்குவா, இங்கே லைன் அறுந்துவிடும். அவவின் காதுக்குள் கீச்சென்று கேட்குமாம். "லைனுக்குள்ள யாரோ பேய் அழுது" என்று காலையில் புருஷனிடம் சொல்லுவா, நான் கீழே மூச்சுக் காட்டாமல் பாண் தின்றுகொண்டிருப்பேன்.