இளையோர் காதல் நாவல்களில் பார்த்தவுடன் காதலும், பிரிந்தவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பும் ஏன் நம்பும்படி இருப்பதில்லை?

எனக்கு இரண்டுமே பிடிக்கும். அதனாலேயே அவற்றை அவசரமாக எழுதி முடிக்கும் நாவல்களைப் படித்தால் மனசு ஆறாது.

பார்த்தவுடன் காதலில் ஒரு தப்பும் இல்லை. பதினாறு, பதினேழு வயதில் அப்படித்தான் வரும். நம் முன்னோர் அதை மலைக்கே எழுதிவைத்தார்கள். மலைநிலமான குறிஞ்சித் திணையின் உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கு உரிய காதல் நிலை, புணர்தல். குறுந்தொகையின் 40ஆம் பாட்டான ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ இன்று கல்யாணப் பத்திரிகை வரை வந்துவிட்டது. ஆனால் அதன் பழைய துறைக்குறிப்பை, அதாவது யார் எந்தச் சூழலில் பாடியது என்று சொல்லும் குறிப்பை, பாருங்கள். இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகம் மாறியதைக் கண்டு தலைவன் சொல்லும் ஆறுதல் அது. செம்மண்ணில் கலந்த மழைநீரை அவன் சொன்னதே அவள் பயத்துக்குப் பதிலாகத்தான்.

இப்போதைய பல நாவல்களில் அந்தப் பயத்தையே காணோம். இரண்டாம் அத்தியாயத்தில் கண்கள் சந்திக்கின்றன, மூன்றாவதில் உயிரையே கொடுக்கத் தயாராகிவிடுகிறார்கள். ‘யார் இவன்?’ என்று அந்தப் பெண் ஒரு ராத்திரிகூட யோசிப்பதில்லை. வள்ளுவர் பார்த்து மயங்குவதற்கு ஓர் அதிகாரம் வைத்தார், அடுத்ததே குறிப்பறிதல். கல்யாணத்துக்கு முந்தைய ரகசியக் காதலான களவியலுக்கு 7 அதிகாரம் கொடுத்தவர் பிரிவும் ஏக்கமும் ஊடலுமான கற்பியலுக்கு 18 கொடுத்தார். எனக்கு அந்தக் கணக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது.

இரண்டாவது வாய்ப்புக்கு வருகிறேன். நான் கோத்தகிரிக்காரி. வெளியூர்க்காரர்கள் எழுதும் நீலகிரிக் காதலில் பனிமூட்டமும் ஊட்டி ஏரிப் படகும் தவறாமல் இருக்கும். எங்கள் பிள்ளைகளின் கதை வேறு. பிளஸ் டூ முடிந்ததும் பலர் படிக்கக் கோயம்புத்தூருக்கு இறங்கிவிடுகிறார்கள். பிரிவுக்கு வில்லன் எதற்கு, காலேஜ் அட்மிஷனே போதும். மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும்போது பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். சின்ன ஊர், பஸ் ஸ்டாண்டிலோ மார்க்கெட்டிலோ எதிரே வந்துவிடுவார்கள். விட்டுப் போனவனைப் பார்க்காமல் இருப்பதுதான் இங்கே கஷ்டம்.

அதனால் மழையில் தற்செயலாக மறுபடி சந்தித்தார்கள் என்பதை மட்டும் வைத்து என்னை நம்பவைக்க முடியாது. சந்திப்பை விதி கொடுக்கலாம். வாய்ப்பை அவள்தான் கொடுக்க வேண்டும். அவள் பார்க்காத இடத்திலும் அவன் மாறியிருக்கிறானா என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.

ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ இளையோர் நாவல் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். 19 வயதில் அடுத்தவர் பேச்சைக் கேட்டு நிச்சயத்தை முறித்த ஆன் எலியட், 8 வருடம் கழித்து அதே மனிதரை எதிர்கொள்கிறாள். அந்த வருடங்கள் இருவர் மேலும் படிந்திருப்பதால் அவர்கள் சேர்வதை நம்புகிறோம். 17 வயது நாயகிக்கு எட்டு வருடம் கொடுக்க முடியாது, ஒன்றிரண்டுதான். பரவாயில்லை, அந்த வயதில் ஒரு ஹாஸ்டல் வருடமே ஆளை மாற்றிவிடும். அதை எழுதிக் காட்டட்டும்.

எனக்குக் கோபமே வருவது, அவள் ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் பின்னாலேயே சுற்றுவதை ‘விடாமுயற்சி’ என்று காட்டும்போது. படிப்பவர்கள் நிஜமான பதினாறு வயதுப் பெண்கள். பரத்தையிடம் போய்த் திரும்பும் தலைவனைத் தோழி உள்ளே விடாமல் நிறுத்துவதற்குச் சங்கப் பாட்டில் ‘வாயில் மறுத்தல்’ என்று தனித் துறையே இருக்கிறது. மறுக்க வழியே இல்லாத இடத்தில் கிடைக்கும் மன்னிப்பை எப்படி ரசிப்பது?

தேயிலைத் தோட்டத்து வீட்டுப் பெண் ஒருத்தி, லீவுக்கு வந்தவனிடம் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸில் ஏறிவிடும் ஒரு நாவலை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாராவது எழுத வேண்டும். அவள் யோசிப்பதற்கு முப்பது பக்கமாவது ஒதுக்க வேண்டும்.