கள்ளிக்காடும் பைன்காடும்: சோனோரப் பாலைவன மலை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சோனோரப் பாலைவனத்திலுள்ள டூசான் நகரைச் சுற்றிக் கள்ளிக்காடு, பக்கத்திலேயே மவுண்ட் லெமன் உச்சியில் பைன்காடு. இது எப்படி?

பதில்: டூசான் சுமார் 730 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உச்சி 2,791 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும், மழையும் கூடும். ஆனால் உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தவறிவிடும். சரிவு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வடக்குச் சரிவில் ஈரம் தங்குவதால் ஓக் மரங்கள் கீழே வரை இறங்கி வரும். அதே உயரத்தில் தெற்குச் சரிவில் புல்லும் கள்ளியும்தான்.

கேள்வி: தூண்போல் உயர்ந்து வளரும் சகுவாரோ கள்ளி ஏன் மலையில் மேலே ஏறுவதில்லை?

பதில்: குளிர்தான் காரணம். இரவில் உறைந்து பகலில் உருகினால் பிழைத்துக்கொள்ளும். ஒரு நாளைத் தாண்டி உறைநிலை நீடித்தால் சதை செத்து அழுகும். அதனால் 1,200 மீட்டரை ஒட்டி நின்றுவிடுகிறது. பள்ளத்தாக்கின் அடியிலும் கவனம் வேண்டும்: இரவில் குளிர்காற்று கனத்து இறங்கி அங்கேதான் தேங்கும்.

கேள்வி: சகுவாரோ கன்றுகள் கண்ணில் படவே இல்லையே?

பதில்: பாலோ வெர்டே மரத்தடியில் மண்டியிட்டுத் தேடுங்கள். எட்டு வயதுக் கன்று மூன்று நான்கு சென்டிமீட்டர்தான், சருகுக்குள் ஒளிந்திருக்கும். கோடை வெயிலிலிருந்தும் பனியிலிருந்தும் அந்த மரம்தான் அதைக் காக்கிறது. கிளை முளைக்கவே ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும்.

கேள்வி: பஃபல் புல்லை வெட்டினாலும் மறுபடி வருகிறது. என்ன செய்வது?

பதில்: நம் ஊர் கொழுக்கட்டைப் புல்லேதான் அது. இங்கே நல்ல தீவனம். அரிசோனாவுக்கு 1930-களில் மேய்ச்சலுக்குக் கொண்டுபோனது பெருங்கேடாக முடிந்தது. பாலைவனச் செடிகளுக்கு நடுவே வெறும் மண் கிடப்பதால் தீ பரவ வழியில்லை. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்புகிறது. எரிந்த பிறகு தூரிலிருந்து புல் துளிர்த்துவிடும், சகுவாரோ துளிர்க்காது.

வெட்டுவது வீண். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது கடப்பாரையால் தூரோடு நெம்பி எடுங்கள். வேரிலுள்ள மண்ணை அங்கேயே உதறிவிடுங்கள். கதிர் வந்திருந்தால் முதலில் அதைக் கொய்து பையில் கட்டுங்கள். சுணையுள்ள விதை துணியில் ஒட்டிக்கொண்டு அடுத்த சரிவுக்குப் போய்விடும். பரப்பு பெரிதென்றால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கலாம், ஆனால் புல் பாதிக்கு மேல் பச்சையாக இருக்கும்போது மட்டும். காய்ந்த புல் மருந்தை வேருக்கு இறக்காது.

கேள்வி: ஒரு தடவை எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. மண்ணில் விதை சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு கோடை மழைக்குப் பிறகும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், நாற்று கதிர் விடுமுன் பிடுங்குங்கள்.