கக்கூஸுக்குத் தண்ணி யாரு தூக்குறது?

கடிதம்:

அண்ணா வணக்கம்,

போன வாரம் தண்ணிக்குடம் பத்தி நீங்க எழுதினத படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா எல்லாத்துக்கும் ஆம்பளைங்களையும் கவர்மென்டையும் குறை சொன்னது எனக்கு சரியா படல. எங்க ஊரு அருப்புக்கோட்டை பக்கம். கவர்மென்ட் காசுல வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டியாச்சு. பாதி வீட்டுல அதுக்குள்ள விறகும் ஆட்டுக்கு தீவனமும்தான் கிடக்கு. பொம்பளைங்க இன்னும் விடியக்காலைல கருவேலங்காட்டுக்கு கூட்டமா போயிட்டு வர்றாங்க, ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்க. ஊர்க்கதை பேச அவங்களுக்கு அது ஒரு சாக்கு. விழிப்புணர்வு இல்லைங்கிறதுதான் பிரச்சனை, நீங்க அத எழுதவே இல்ல.

இன்னொன்னு, எங்க ஊர்ல மகளிர் சுகாதார வளாகம்னு ஒன்னு பல வருஷமா பூட்டியே கிடக்கு. பசங்க பத்து பேர் காசு போட்டு பெயிண்ட் அடிச்சு தொறந்து விடலாம்னு இருக்கோம். உங்க யோசனை என்ன? (பேர் போட வேண்டாம்.)

பதில்:

தம்பிக்கு வணக்கம்,

விறகு கிடக்குது தீவனம் கிடக்குதுன்னு எல்லாம் பாத்து எழுதின நீங்க, அந்த கக்கூஸுக்குள்ள பைப்பு இருக்கா இல்லையான்னு எழுதல பாருங்க. என் கேள்வியே அதுதான்.

எங்க வீட்டு கதைய சொல்றேன். நமக்கு முதுகுளத்தூர் பக்கம், நல்ல தண்ணிக்கு பேர் போன ஊருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தள்ளுவண்டில ஆறு குடம் ஏத்தி அம்மா தள்ளிட்டு வர்றத பாத்துதான் வளந்தேன். தூய்மை இந்தியா திட்டம் 2014ல வந்துச்சுல்ல, அதுல எங்க வீட்டுக்கும் ஒரு கக்கூஸ் வந்துச்சு. அப்பாவுக்கு பெருமை தாங்கல, வர்றவன் போறவனுக்கெல்லாம் கதவ தொறந்து காட்டுவாரு. மூணு மாசம் கழிச்சு ஒருநாள் அம்மா குடத்த இறக்கி வச்சிட்டு மெதுவா சொன்னா, "நான் காட்டுக்கு போனா ஒரு செம்பு தண்ணி, நீங்க நாலு பேரு இதுக்குள்ள போனா எனக்கு நாலு குடம்." அவ்ளோதான் சொன்னா. மறுநாள்லேர்ந்து அவ மட்டும் பழையபடி காட்டுக்கு போக ஆரம்பிச்சா, தண்ணிய மிச்சம் பிடிக்க. இப்ப சொல்லுங்க தம்பி, எங்க அம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லையா? எங்க யாருக்கும் இல்லாத கணக்கு அவகிட்ட இருந்துச்சு.

கணக்கும் ஒன்னும் பெருசில்ல. பிளாஸ்டிக் குடம் ஒன்னு சுமாரா 15 லிட்டர் பிடிக்கும், அதாவது 15 கிலோ. வீட்டுல அஞ்சு பேரு, ஆளுக்கு ஒரு தடவ, தடவைக்கு ஒரு பத்து லிட்டர் வாளின்னு வச்சாலே 50 லிட்டர் ஆச்சு, மூணு குடத்துக்கு மேல. சமையலுக்கும் மாட்டுக்கும் குளிக்கவும் தூக்குறதுக்கு மேல இது எக்ஸ்ட்ரா, கழுவி விடுற தண்ணி இன்னும் கணக்குல வரல. ஒன்றரை ரெண்டு லிட்டர்லயே போற மாதிரி நல்லா சரிவு வச்ச பேசின் கிராமத்துக்குன்னே இருக்கு, ஆனா கொத்தனார் டவுன் கடைல கிடைக்கிற சாதா பேசினதான் வாங்கிட்டு வந்து பதிப்பாரு, அதுக்கு ஒரு வாளி ஊத்தினாலும் பத்தாது. கக்கூஸ் கட்ட கவர்மென்ட் குடுத்த 12,000 ரூபாய் இருக்கே, முன்னாடி அது 10,000. தண்ணி பிடிச்சு வைக்கவும் கை கழுவவும் வசதி பண்ணிக்கணும்னுதான் கூட்டினாங்க. எங்க ஊர்ல கட்டினதுல எத்தன கக்கூஸ் பக்கத்துல தொட்டி இருக்குன்னு எண்ணிப் பாத்தேன், ஒரு கை விரல் போதுமா இருந்துச்சு.

இது நம்ம ஊரு கதை மட்டும் இல்ல. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2023ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, வீட்டுக்குள்ள தண்ணி இல்லாத குடும்பங்கள்ல பத்துல ஏழு வீட்டுல பொம்பளைங்கதான் தண்ணி எடுக்கிறாங்களாம். மிச்ச மூணு வீட்டு ஆம்பளைங்கள நான் எங்க ஏரியால பாத்ததில்ல, தண்ணி லாரி வந்து சண்டை நடந்தா விலக்கி விட மட்டும் வருவாங்க.

கதை பேச போறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அது பொய்யில்ல, நான் மறுக்கல. எங்க மதினி கல்யாணமாகி வந்த புதுசுல சொல்லும், மாமியா காதுக்கு எட்டாம பேசுறதுக்கு நாள் முழுக்க அவங்களுக்கு கிடைச்சது அந்த அரைமணி நேரம்தான்னு. ஆனா அதே மதினிதான் ராத்திரி வயித்த கலக்கிடுமோன்னு பயந்து சாயங்காலத்துக்கு மேல சரியா சாப்பிடாது, தண்ணியும் குடிக்காது. பகல்ல வந்தா இருட்டுற வரைக்கும் அடக்கணும், ரோட்டுல பைக் லைட்டு தெரிஞ்சா பாதில எந்திரிச்சு நிக்கணும். இதுல நீர்க்கடுப்பு வராம இருக்குமா, வந்தா ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டாங்க, வெந்தயத்த முழுங்கிட்டு வேலைக்கு போயிடுவாங்க. தூரமான நாள்ல இது எல்லாம் ரெண்டு மடங்கு, துணிய அலச தண்ணி வேணும், அத யாரும் பாக்காம காய வைக்க இடம் வேணும், அதனால இன்னொரு சேலைக்கு அடில போட்டு காய வைப்பாங்க, வெயிலே படாது. ஆம்பளைக்கு வேலிக்கு வேலி நின்னா முடிஞ்சுது. நீங்களும் நானும் வாழ்க்கைல என்னிக்காவது ஒன்னுக்கு போறதுக்கு பொழுது சாயட்டும்னு காத்திருக்கோமா?

2011 சென்சஸ் எடுத்தப்ப தமிழ்நாட்டு கிராமங்கள்ல நாலுல மூணு வீட்டுக்கு மேல கக்கூஸ் கிடையாது. 2019 அக்டோபர் 2ல நாட்டுல எந்த கிராமத்துலயும் யாரும் வெளிய போறதில்லன்னு அறிவிச்சிட்டாங்க. ஓட்டமா ஓடி கட்டினது நிஜம், நான் அத கிண்டல் பண்ணல, திருச்சி பக்கம் தாண்டவம்பட்டி மாதிரி 2003லயே அத சாதிச்ச ஊரும் இருக்கு. ஆனா கட்டினவங்க சுவர எண்ணினாங்க, குடத்த எண்ணல.

குழாய் மட்டும் வந்துட்டா தீந்துடும்னும் நினைக்காதீங்க. வீட்டுக்கு வீடு குழாய் போடுற ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு, அஞ்சு பேரு வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 18 குடம் தூக்குற வேலை மிச்சம். எங்க தெருவுக்கும் அந்த குழாய் வந்துச்சு. தண்ணி எப்ப விடுவாங்க தெரியுமா, காலைல பத்தரைக்கு. பொம்பளைங்க பூரா நூறு நாள் வேலைக்கு போயிருப்பாங்க. டேங்க் ஆபரேட்டரு டீ குடிச்சிட்டு பேப்பர் பாத்துட்டு வந்து வால்வ தொறக்குற நேரம் அது, அவருக்கு தோதா இருந்துச்சு, அவ்ளோதான். கிராம குடிநீர் குழுல பாதி பேர் பொம்பளைங்க இருக்கணும்னு விதி இருக்கு, இருந்தாங்க, கையெழுத்தும் போட்டாங்க, நேரத்த மட்டும் யாரும் அவங்ககிட்ட கேக்கல. கடைசில ஏழெட்டு பேர் குடத்தோட போயி பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல உக்காந்தப்புறம்தான் காலைல ஆறு மணிக்கு மாறுச்சு. ஒரு ரூபா செலவு கிடையாது அதுக்கு.

ஆனா எல்லா தெருவுக்கும் அந்த வால்வு ஒரே மாதிரி தொறக்காது. தலித் மக்கள் இருக்குற காலனிக்கு கடைசிலதான் வரும், பிரஷர் இருந்தா வரும். 2022 டிசம்பர்ல வேங்கைவயல்ல தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டில மலத்த கலந்தாங்க, மறந்திருக்க மாட்டீங்க. பொம்பளைன்னு பொதுவா சொல்லும்போது இந்த பொம்பளைங்க விட்டுப்போயிடுறாங்க, போன வாரம் நானும் விட்டுட்டேன், அந்த குறைய மட்டும் நீங்க சொல்லியிருந்தா உடனே ஒத்துக்கிட்டிருப்பேன்.

சரி, உங்க வளாகத்துக்கு வர்றேன். 2001லேர்ந்து ஊராட்சிக்கு ஒன்னுன்னு கட்டினது அது, நல்ல யோசனைதான், கக்கூஸ், குளிக்க ரூம், துணி துவைக்க கல்லு எல்லாம் ஒரே இடத்துல. பூட்டினதுக்கு உங்க ஊரு காரணம் என்னன்னு பெயிண்ட் வாங்குறதுக்கு முன்னாடி கண்டுபிடிங்க. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் முதல்ல மோட்டார் போயிருக்கும், பஞ்சாயத்துல ரிப்பேர் பாத்திருக்க மாட்டாங்க, தண்ணி இல்லாம நாறியிருக்கும், யாரு கழுவுறதுன்னு சண்டை வந்திருக்கும். அந்த கடைசி விஷயத்துல கவனமா இருங்க, தொறந்து விட்டுட்டு கழுவ மட்டும் காலனில இருந்து ஒரு அம்மாவ சும்மா கூப்பிடுறதா இருந்தா அது பூட்டியே கிடக்கட்டும். திருச்சி டவுன்ல குடிசைப் பகுதி பொது கக்கூஸ்கள பொம்பளைங்க குழுவே எடுத்து நடத்துது, வர்றவங்ககிட்ட சின்ன கட்டணம் வாங்கி, கழுவுறவங்களுக்கு அதுலேர்ந்தே சம்பளம் குடுத்து. உங்க ஊர்ல மகளிர் குழு இருக்குமே, சாவிய அவங்க கைல குடுத்திட்டு நீங்க பத்து பேரும் கரண்டு ஆபீஸுக்கும் பிடிஓ ஆபீஸுக்கும் அலையுங்க, அந்த அலைச்சலுக்குதான் அவங்களுக்கு நேரமே கிடையாது.

அப்புறம் உள்பக்கம் தாழ்ப்பாள் விழுதா பாருங்க, பல்பு எரியுதா பாருங்க. வளாகத்துக்கு எதுத்தாப்ல டீக்கடையோ ஆம்பளைங்க சீட்டாடுற திண்ணையோ இருக்கான்னும் பாருங்க. எங்க ஊர்ல அப்படி ஒரு திண்ணை இருந்துச்சு, நாலு பேரு பாக்க உள்ள போக கூச்சப்பட்டே யாரும் போகல, வளாகம் ரொம்ப நாள் பளபளன்னு புதுசாவே இருந்துச்சு.

மோட்டார் ஓடுதான்னு பாத்துட்டு எழுதுங்க. என்ன கலர்ங்கிறத அப்புறம் பேசிக்கலாம்.