ஆண்டி ராபர்ட்சன்: ஒரு லெஃப்ட் பேக்கின் ஆட்டம் (கேள்வி பதில்)

கேள்வி: லிவர்பூலின் லெஃப்ட் பேக்காக (இடப்பக்க டிஃபெண்டர்) பேர் வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட்சனைப் பதினைந்து வயதில் கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான செல்டிக் கழற்றிவிட்டதாமே, என்ன குறை கண்டார்கள்?

பதில்: உடம்பு. ஆள் சின்னதாக இருக்கிறான் என்று அகாடமியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதன்பின் கிளாஸ்கோவிலேயே உள்ள குயின்ஸ் பார்க்கில் சேர்ந்தார். அன்றைக்கு அது சம்பளமில்லாத அமெச்சூர் கிளப். ஆடிக்கொண்டே ஹாம்ப்டன் மைதானத்தில் டிக்கெட் கேட்டு வரும் போன்களை எடுக்கும் வேலையும் பார்த்தார். அந்த 2012-13 சீசனில் நிதிச் சிக்கலால் கிளாஸ்கோவின் இன்னொரு பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸும் அதே நான்காம் அடுக்கில் ஆடியது. அதனால் அமெச்சூர் பையனாக இருந்தபோதே பெரிய கூட்டத்தின் முன் ஆடிவிட்டார்.

கேள்வி: அங்கிருந்து இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீகுக்கு எத்தனை வருஷம்?

பதில்: ஒரே ஒரு சீசன்தான் இடையில். 2013இல் ஸ்காட்லாந்தின் முதல் அடுக்கில் இருந்த டண்டீ யுனைடெட், 2014 ஜூலையில் பிரீமியர் லீகில் இருந்த ஹல் சிட்டி.

கேள்வி: ஹல் பிரீமியர் லீகிலிருந்து இரண்டு தடவை கீழ் அடுக்குக்கு இறங்கிய அணி. அதன் டிஃபெண்டரை லிவர்பூல் ஏன் வாங்கியது?

பதில்: இறங்கும் அணியில் லெஃப்ட் பேக்குக்கு ஓய்வே கிடையாது. எதிரணி விங்கர் தொண்ணூறு நிமிடமும் மேலே வந்துகொண்டே இருப்பார். அப்படி அடிவாங்கும் அணியிலும் முன்னே ஓடி கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் பந்து) போட ஒருவருக்கு மூச்சு இருக்கிறது என்றால் அது பெரிய தகுதி. 2017இல் 80 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். பின்னால் சேரும் தொகையோடு ஒரு கோடி வரை. என் கணக்கில் அந்தப் பத்தாண்டின் மலிவான சரக்கு இதுதான். ஆனாலும் உடனே இடம் கிடைக்கவில்லை. டிசம்பரில் அந்த இடத்தில் ஆடிய அல்பெர்ட்டோ மொரேனோ காயப்பட்ட பிறகுதான் தொடர்ந்து ஆடினார்.

கேள்வி: மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான அந்த ஓட்டத்தை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? பந்தைப் பறிக்கக்கூட இல்லையே!

பதில்: 2018 ஜனவரி, லிவர்பூல் 4-3 என்று வென்ற ஆட்டம். தன் இடத்தை விட்டு எதிரணி பாக்ஸ் வரை ஆள்மாற்றி ஆள் துரத்தினார். கோல்கீப்பர் எடர்சனையும் விடவில்லை. கடைசியில் சிட்டி டிஃபெண்டர் ஓட்டமெண்டியை ஃபவுல் செய்ததில்தான் அந்தத் துரத்தல் முடிந்தது. பார்க்க வேண்டியது ஓடும் கோணம். நேரே பாயாமல், பந்து வந்த வழியை உடம்பால் மறைத்தபடி வளைந்து ஓடுவார். பந்து வைத்திருப்பவருக்கு ஒரு பக்கம் மட்டுமே திறந்திருக்கும். மற்றவர்களும் கூட ஓடிவரவில்லை என்றால் இது ஆபத்து, முதுகுக்குப் பின்னால் பெரிய வெற்றிடம் விழும்.

கேள்வி: அவர் முன்னே போய்விட்டால் அந்த இடத்தை யார் பார்த்தார்கள்?

பதில்: அன்றைய லிவர்பூலில் நடு டிஃபெண்டர் வான் டைக் இடப்பக்கம் நகர்ந்தார், ஒரு மிட்ஃபீல்டர் பின்தங்கி நின்றார். இடப்பக்க விங்கர் மானே உள்ளே வெட்டியபோது எதிரணி ரைட் பேக்கும் கூடவே போனார். ராபர்ட்சன் கோட்டோரமாக வெளியே சுற்றி ஓடினார். இரண்டு ஃபுல் பேக்குகளும் (இட, வல ஓர டிஃபெண்டர்கள்) மேலே நிற்கையில் நடுவில் பந்தை இழப்பதுதான் இந்த முறையின் பலவீனம்.

கேள்வி: இவர் கிராஸில் என்ன விசேஷம்?

பதில்: பெரும்பாலும் பந்தை நிறுத்துவதில்லை. ஓடிவந்த வேகத்திலேயே இடது காலால், தாழ்வாக, கோல்கீப்பருக்கும் டிஃபெண்டர்களுக்கும் நடுவே அடிப்பார். கீப்பர் வெளியே வரத் தயங்குவார். டிஃபெண்டர் தன் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டே தொட வேண்டியிருக்கும். பயிற்சியில் பையன்கள் செய்யும் தவறு, உடம்பைப் பின்னால் சாய்ப்பது. பந்து தூக்கிக்கொள்ளும். ஊன்றும் காலைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்து, நெஞ்சைப் பந்தின் மேல் கொண்டுவர வேண்டும். 2019-20இல் லீகில் மட்டும் 12 அசிஸ்ட் (கோலுக்கு வழிவிட்ட கடைசிப் பந்து); 2022 டிசம்பரில் லெய்ட்டன் பெய்ன்ஸின் 53 அசிஸ்டைத் தாண்டி, பிரீமியர் லீக் வரலாற்றில் டிஃபெண்டர்களில் முதலிடம் பிடித்தார். பிறகு லிவர்பூலில் இவரோடு ரைட் பேக்காக ஆடிய அலெக்சாண்டர் ஆர்னால்ட் அதையும் தாண்டினார்.

கேள்வி: 2019 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் லிவர்பூல் பார்சிலோனாவை 4-0 வென்ற நாளில் ஏன் பாதியில் வெளியேறினார்?

பதில்: கெண்டைக்காலில் அடி. மிட்ஃபீல்டர் மில்னர் லெஃப்ட் பேக்குக்கு நகர, மாற்று வீரராக உள்ளே வந்த வைனால்டம் இரண்டு கோல் அடித்தார்.

கேள்வி: ஸ்காட்லாந்து அணியில் டியர்னியும் லெஃப்ட் பேக். இருவரையும் எப்படி ஆடவைக்கிறார்கள்?

பதில்: பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க் பின்னால் மூவரை வைத்து, டியர்னியை அதில் இடப்பக்கம் நிறுத்தினார், 2018 முதல் கேப்டனான ராபர்ட்சன் அவருக்கு முன்னால் விங் பேக், அதாவது ஓரம் முழுக்க மேலும் கீழும் ஓடுபவர். டியர்னி வெளிப்பக்கமாகச் சுற்றி ஏறினால் ராபர்ட்சன் உள்ளே வருவார். டியர்னி இல்லாதபோது அந்தப் பக்கமே மந்தமாகிவிடும். 2024 யூரோவில் சுவிட்சர்லாந்து ஆட்டத்தில் அவர் காயப்பட்டுப் போனதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். அடுத்து ஹங்கேரியிடம் 100ஆம் நிமிடத்தில் தோற்று வெளியேறினார்கள். 2025 நவம்பரில் ஹாம்ப்டனில் டென்மார்க்கை 4-2 வென்று, 1998க்குப் பிறகு முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது, மாற்று வீரராக வந்து மூன்றாவது கோலை அடித்தவர் இதே டியர்னிதான்.