ஹொட் டப்பை நாங்களே ஏற்றி வரலாமா?

வீட்டு வேலை: வாசகர் கேள்வி பதில்

கே: ஒன்ராறியோவின் பிக்கரிங்கில் ஒரு வீட்டுக்காரர் ஆறு பேர் இருக்கக்கூடிய பழைய ஹொட் டப் (சுடுநீர்க் குளியல் தொட்டி) ஒன்றை மலிவாகத் தருகிறார். "ஏற்றிக்கொண்டு போவது உங்கள் பொறுப்பு" என்கிறார். ஏற்றி இறக்கும் ஆட்கள் 650 டொலர் கேட்கிறார்கள். மச்சானிடம் பிக்கப் இருக்கிறது, நாலு பேர் கைகொடுக்க வருவார்கள். ட்ரெயிலரை வாடகைக்கு எடுத்து நாங்களே கொண்டுவந்தால் என்ன? – மார்க்கம் வாசகர்

ப: கொண்டுவரலாம். ஆனால் மச்சானின் பிக்கப்பைப் பற்றிக் கடைசியில் யோசியுங்கள். பிக்கரிங்கிலிருந்து மார்க்கம் அரை மணித்தியால ஓட்டம்தான். பாடு முழுவதும் அந்த வீட்டுப் பின்வளவிலிருந்து தெருவுக்கு வரும் நாற்பது ஐம்பது அடியில் இருக்கிறது. காசு கொடுக்கமுன் அளவுநாடாவோடு ஒருதரம் போய் வாருங்கள்.

ஆறு பேர் தொட்டி பெரும்பாலும் 7 அடிக்கு 7 அடி, உயரம் 36 முதல் 38 அங்குலம். வெறுந்தொட்டியே 300 முதல் 450 கிலோ வரும். இதைக் கிடந்தபடி தூக்கிக்கொண்டு யாரும் நடப்பதில்லை. ஒரு பக்கமாக நிமிர்த்தி, சில்லுப் பலகையில் ஏற்றி உருட்டுவார்கள். நிமிர்த்தியதும் பழைய உயரம் அகலமாகிவிடும். 38 அங்குலத் தொட்டிக்குக் கையும் விரலும் நசியாமல் போக, வழியில் எந்த இடத்திலும் 42 அங்குலம் வேண்டும். பலர் கேற்றை மட்டும் அளந்துவிட்டுத் திரும்புகிறார்கள். கேற்றைத் தாண்டி வந்த தொட்டி, சுவரோரம் நீட்டிக்கொண்டிருக்கும் காஸ் மீட்டரிலோ ஏசியின் வெளிப்பெட்டியிலோ போய் நிற்கும். அண்ணாந்தும் பாருங்கள்: சில்லுப் பலகையோடு சேர்த்து ஏழரை அடிக்கு மேல் நிற்கும் பொருளுக்குத் தாழ்ந்த கூரை விளிம்பும் கிளையும் கம்பியும் தடைதான். வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே சட்டென்று மடங்கும் மூலை இருந்தால் 7 அடி நீளம் அங்கே திரும்பாது. அயலவர் சம்மதித்து வேலியில் ஒரு தட்டியைக் கழற்றினால் தப்பலாம்.

மூன்று நாலு படி இறங்க வேண்டும், அல்லது சரிவான புல்தரை என்றால் பேசாமல் அந்த 650 டொலரைக் கொடுத்துவிடுங்கள். 400 கிலோ சறுக்கத் தொடங்கினால் நாலு பேரல்ல, எட்டுப் பேர் பிடித்தாலும் நிற்காது.

வழி சமதரை என்றால், பாரம் தாங்கும் சில்லுப் பலகை இரண்டு, முக்கால் அங்குல பிளைவுட் மூன்று தாள், இரண்டடி நீளத்தில் வெட்டிய 4×4 கட்டைகள் ஏழெட்டு, அலவாங்கு இரண்டு, பழைய கம்பளம். ஆட்கள் ஐந்து பேராவது வேண்டும். நாலு பேர் தூக்கும்போது சில்லுப் பலகையைத் தள்ளிக் கொடுக்க ஐந்தாவது ஆள். புல்லில் சில்லு புதையும். அதனால் பிளைவுட் தாள்களை முன்னால் போட்டு, கடந்த தாளை எடுத்துத் திரும்ப முன்னால் போட்டபடி நகர வேண்டும்.

நிமிர்த்துவது ஒரே மூச்சில் செய்யும் வேலையல்ல. அலவாங்கால் அடிச்சட்டத்தை நாலு அங்குலம் கிளப்பி ஒரு கட்டை, திரும்பக் கிளப்பி இன்னொரு கட்டை. ஒரு பக்கம் ஓரடி உயர்ந்த பிறகுதான் ஆட்கள் கைவைக்க வேண்டும். மோட்டார்களும் ஹீட்டரும் இருக்கும் பக்கம் கனமாக இருக்கும், பலசாலிகளை அங்கே விடுங்கள். ஆனால் கழற்றக்கூடிய கதவுள்ள அந்தப் பக்கத்தையே நிலத்தில் ஊன்றி நிமிர்த்தக் கூடாது. அந்தத் தட்டி பாரம் தாங்காது, வெடித்துவிடும். வேறொரு பக்கத்தைக் கம்பளத்தின் மேல் ஊன்றுங்கள். பிடிப்பது எப்போதும் அடிச்சட்டத்தில். அக்ரிலிக் விளிம்பைப் பிடித்து இழுத்தால் கீறல் விழும், குழாயைப் பிடித்தால் ஒட்டுவாய் விடும்.

கே: விற்பவர் தண்ணீரை வடித்துவிட்டாராம். அதுவே போதுமா? மின்சாரத்தை நாங்களே கழற்றலாமா? – விற்பி வாசகர்

ப: வடிகுழாய் வழியாகப் போவது தொட்டித் தண்ணீர் மட்டும். தண்ணீர் பீச்சும் ஜெட் குழாய்களுக்குள்ளும் மோட்டாரின் வாய்க்குள்ளும் இன்னும் சில வாளி நிற்கும். தொட்டியை நிமிர்த்தும் கணத்தில் அது பாயும், பாயும் வழியில்தான் கன்ட்ரோல் பெட்டி இருக்கிறது. "அங்கே நன்றாக ஓடியது, இங்கே வந்ததும் ஓடவில்லை" என்ற புகார்களில் இதுவும் ஒரு காரணம். ஈரமும் உறிஞ்சும் வக்யூமை ஊதும் பக்கம் மாற்றி ஒவ்வொரு ஜெட்டிலும் வைத்து ஊதுங்கள். மோட்டாருக்கு இரு பக்கமும் உள்ள பெரிய பிளாஸ்டிக் நட்டுகளைக் கையால் தளர்த்தி மிச்சத்தை வடியுங்கள். உள்ளே இருக்கும் ஓ-றிங் (ரப்பர் வளையம்) விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு டொலர்ச் சாமான் அது, இல்லாவிட்டால் முழுத் தொட்டியும் ஒழுகும். பனிக்காலத்தில் மிஞ்சிய தண்ணீர் உறைந்து குழாயைப் பிளக்கும். பிளவு, சூடு காக்க உள்ளே அடித்த ஸ்பிரே நுரைக்குள் ஒளிந்திருப்பதால் நிரப்பும்வரை தெரியாது. குளோரின் தண்ணீரைத் தெருவோர மழைநீர்க் கிடங்கில் விடக்கூடாது. அது சுத்திகரிக்கப்படாமல் நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது.

மின்சாரம்: இவை 240 வோல்ட், பெரும்பாலும் 50 அம்பியர், நாலு வயர். பிரேக்கரை அணைத்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். கழற்றமுன் வயர்கள் பூட்டியிருக்கும் இடத்தை இரண்டு கோணத்தில் படம் எடுத்துவையுங்கள். எங்கள் புத்திமதி, கழற்றவும் பூட்டவும் உரிமமுள்ள மின்வேலைக்காரரைக் கூப்பிடுவதுதான். ஒன்ராறியோவில் புதிய இணைப்பை நீங்களே செய்தாலும் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் கொடுத்தே ஆகவேண்டும். இந்த ஒரு செலவில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கே: ட்ரெயிலரில் எப்படி வைத்துக் கட்டுவது? பொலிஸ் மறிப்பார்களா? – ஏஜக்ஸ் வாசகர்

ப: வாடகைக்குச் சாதாரணமாகக் கிடைப்பது 6 அடி அகலம், 12 அடி நீளமுள்ள கம்பி அடைப்பு ட்ரெயிலர். 7 அடித் தொட்டி அதில் படுக்காது, நிமிர்த்தித்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது அகன்ற முகம் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால் ஓடும்போது காற்று மோதுவது 38 அங்குல ஒடுங்கிய பக்கத்தில் மட்டும். குறுக்கே நிறுத்தினால் 7 அடிக்கு 7 அடிப் பாய்மரத்தை விரித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுவது மாதிரி.

சில்லுப் பலகையை எடுத்துவிட்டுக் கம்பளத்தின் மேல் இறக்குங்கள். அடி நகராதபடி இரு பக்கமும் 4×4 கட்டை கொடுத்து இறுக்குங்கள். பாரத்தில் 60 வீதம் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். கொக்கியில் இறங்கும் பாரம் மொத்தத்தில் 10 முதல் 15 வீதம் வரவேண்டும். பின்பாரம் கூடினால் ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். இரண்டு அங்குல ரேச்சட் பட்டி நாலு எடுங்கள், ஒவ்வொன்றும் 3,333 இறாத்தல் வேலைப்பாரம் எழுதியது. ஒரு அங்குலப் பட்டி கதிரை கட்டத்தான் சரி. இரண்டு பட்டி மேலால் போய் இரு பக்கக் கம்பியையும் இழுக்க, ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்கும். பட்டி மடங்கும் மூலையில் மரத்துண்டோ தடித்த அட்டையோ வையுங்கள், இல்லாவிட்டால் பட்டி அக்ரிலிக்கை அறுக்கும், அக்ரிலிக் பட்டியை அறுக்கும். பட்டியில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் "ங்ங்" என்று அதிராது. மூடியை அதன் இடத்தில் விடவே வேண்டாம், மடித்துப் பிக்கப்பில் வைத்துத் தனியாகக் கட்டுங்கள்.

பத்து கிலோமீற்றரில் ஒருதரம் நிறுத்திப் பட்டிகளைப் பாருங்கள். பாரம் அமர்ந்து கட்டாயம் தளர்ந்திருக்கும். 80, 90க்கு மேல் போகாதீர்கள். ஒன்ராறியோவில் கார் ஓட்டும் சாதாரண ஜி உரிமத்தோடு இந்த அளவு ட்ரெயிலரை இழுக்கலாம். ஆனால் ட்ரெயிலரும் பாரமும் சேர்ந்து 1,360 கிலோவை எட்டினால் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும். வெறும் ட்ரெயிலரின் எடையை வாடகைக் கடையில் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலியைக் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள், பின்விளக்கு எரிகிறதா பாருங்கள். பாரம் சரியாகக் கட்டியிருந்தால் மறிக்கப் பெரிய காரணம் ஒன்றும் இராது.

கே: ட்ரெயிலருக்குப் பதில் வீடு மாறும் பெட்டி லொறி? – பிரம்டன் வாசகர்

ப: பின்கதவின் உயரத்தை அளந்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் ஆறரை அடியைச் சுற்றித்தான் இருக்கும். நிமிர்த்திய 7 அடித் தொட்டி நுழையாது. சாய்பலகையும் சோபா ஏற்றும் அகலம்தான்.

கே: டெக்கின் (வீட்டோடு சேர்ந்த வெளி மரத்தளத்தின்) மேல் வைக்கலாமா? – ஸ்காபுரோ வாசகர்

ப: கணக்கைப் பாருங்கள். தொட்டி 400 கிலோ, தண்ணீர் 1,300 லீற்றர் என்றால் 1,300 கிலோ, ஆறு பேர் 450 கிலோ. மொத்தம் 2,150 கிலோ, அதாவது 4,740 இறாத்தல். 49 சதுர அடியில் பரப்பினால் அடிக்கு 97 இறாத்தல். சாதாரண டெக் கட்டுவது அடிக்கு 40 இறாத்தலை மனதில் வைத்து. பொறியியலாளர் பார்த்து அடியில் தூண் சேர்க்காமல் வேண்டாம். நிலத்தில் என்றால் நன்றாக இறுக்கிய கல்லின் மேல் 4 அங்குல கொன்கிரீட். தனித்தனி நடைபாதைக் கல்லைப் பரப்பி அதன் மேல் வைத்தால், பனி உருகும் காலத்தில் ஒரு மூலை இறங்கித் தொட்டி முறுகும்.

கே: கொண்டுவந்து பூட்டி நிரப்பியாயிற்று. மோட்டார் உறுமுகிறது, ஜெட்டில் தண்ணீர் வரவில்லை. பழுதா? – மிசிசாகா வாசகர்

ப: அனேகமாகக் காற்றடைப்பு. வெறும் குழாயில் தண்ணீர் மேலிருந்து விழும்போது மோட்டாரின் வாயில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் ஓடவிட்டால் சீல் சூடாகிக் கெட்டுவிடும், உடனே அணையுங்கள். பிரேக்கரையும் இறக்கிவிட்டு, மோட்டாரிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்து நட்டை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் "ஸ்ஸ்" என்று காற்று வரும், பிறகு சொட்டும். சொட்டத் தொடங்கியதும் கையால் இறுக்கிவிட்டு ஓடவிடுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது பில்டரைக் கழற்றி, தோட்டக் குழாயை அந்தக் குழிக்குள்ளேயே விட்டு நிரப்புங்கள், காற்று முன்னாலேயே போய்விடும்.

உடனே சூடாகவில்லை என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். 1,300 லீற்றரை 10 பாகையிலிருந்து 40 பாகைக்குக் கொண்டுவர 45 கிலோவாட் மணி வேண்டும். 5.5 கிலோவாட் ஹீட்டருக்கு, மூடி போட்டிருந்தாலே எட்டு மணித்தியாலம் ஆகும்.