அறிக்கை எழுதினால் ஆச்சா?

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக என்றே கொள்கை ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றனவாமே. தெருவில் இறங்கிப் போராடியவர்களால் உரிமை கிடைத்தது, சரி. ஏசி அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவர்களால் யாருக்கு என்ன கிடைத்தது?

பதில்: உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் போராடி ஜெயித்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதுவரை தென் மாநிலங்களில் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கவே விடாமல் விரட்டப்பட்டவர்கள், சில வருடங்களிலேயே மேயராகவும் பள்ளி வாரிய உறுப்பினராகவும் ஜெயித்து வந்தார்கள். நாற்காலி கிடைத்துவிட்டது. பட்ஜெட்டை எப்படிப் படிப்பது, மத்திய அரசின் நிதியை எப்படிக் கேட்டு வாங்குவது, இதையெல்லாம் யார் சொல்லித் தருவார்கள்? அப்பா மேயர், தாத்தா மேயர் என்று வந்தவர்கள் இல்லையே. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1970-இல் வாஷிங்டனில் ஜாயின்ட் சென்டர் ஃபார் பொலிடிகல் ஸ்டடீஸ் (அரசியல் ஆய்வுகளுக்கான கூட்டு மையம்) தொடங்கியது. ஹோவர்ட் பல்கலைக்கழகமும் உளவியலாளர் கென்னத் கிளார்க் நடத்திய ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் ஆரம்பித்தார்கள். 1990-இல் பொருளாதாரத்தையும் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது ரொம்பச் சாதாரணமான ஒரு வேலை: தலை எண்ணுவது. தேர்தலில் ஜெயித்துப் பதவியில் இருக்கும் கறுப்பினத்தவர் யார் யார், எந்த மாநிலம், என்ன பதவி என்று ஒரு பட்டியல் போட்டார்கள். 1970-இல் 1,469 பேர். 2000-இல் 9,040 பேர். இந்தக் கணக்கு இல்லையென்றால், 'அதான் எல்லாம் மாறிவிட்டதே' என்பவரும் 'ஒன்றும் மாறவில்லை' என்பவரும் யார் குரல் உசத்தி என்று கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2015-இல் இன்னும் சாமர்த்தியமாக ஒன்று செய்தார்கள். செனட்டர் யாரென்று டிவியில் தெரியும். அவருக்குச் சட்டத்தின் வாசகத்தை எழுதிக் கொடுப்பவர், அவரை யார் சந்திக்கலாம் என்று முடிவு செய்பவர், இவர்களை யாருக்குத் தெரியும்? செனட் அலுவலகங்களின் மேல்மட்ட ஊழியர்களை எண்ணினார்கள். நாட்டு மக்களில் சுமார் 36 சதவீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள், அந்தப் பதவிகளிலோ 7.1 சதவீதம்தான். சில வருடங்களில் ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் தங்கள் அலுவலகக் கணக்கைத் தாங்களே வெளியிட ஆரம்பித்தார்கள். யாராவது எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே கொஞ்சம் கூச்சம் வரும்.

கேள்வி: இப்படி எண்ணி ஆராயும் வழக்கம் எப்போது தொடங்கியது?

பதில்: கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸிடமிருந்து தொடங்கலாம். 1896-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாகப் போய், வேலை, வாடகை, படிப்பு, நோய் என்று எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார், 1899-இல் அது புத்தகமாக வந்தது. பிறகு அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் ஆய்வுகள். 1910-இல் தேசிய நகர்ப்புற லீக் என்ற கறுப்பினத்தவர் நல அமைப்பு பிறந்தது, கறுப்பின அமெரிக்காவின் நிலை பற்றி 1976 முதல் அறிக்கை வெளியிட்டு வருகிறது. உண்மையைத் தெரியப்படுத்தினால் போதும், நாடு திருந்திவிடும் என்று டு பாய்ஸ் முதலில் நம்பினார். சுற்றிலும் கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொன்றுகொண்டிருக்கும்போது ஆய்வு மட்டும் போதாது என்று தெரிந்து, 1910-இல் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு உரிமை இயக்கத்துக்குப் போனார்.

கேள்வி: அப்படியானால் ஆய்வு தோற்றுப்போகிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: பல சமயம் தோற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 1986-இல் ஒரு போதைச் சட்டம் வந்தது. 5 கிராம் கிராக் கொக்கெய்ன் விவகாரத்தில் சிக்கினால் குறைந்தது 5 வருடம் சிறை. அதே 5 வருடத்துக்குத் தூள் கொக்கெய்ன் என்றால் 500 கிராம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சரக்குதான்! ஆனால் மத்திய நீதிமன்றங்களில் கிராக் வழக்கில் மாட்டியவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கறுப்பினத்தவர். தண்டனைகளை ஆராய்வதற்கென்று அரசே வைத்திருக்கும் ஆணையம் 1995-இல் இரண்டையும் சமமாக்கச் சொன்னது. நாடாளுமன்றம் முடியாது என்றுவிட்டது. தண்டனை முறையை ஆராயும் சென்டென்சிங் ப்ராஜெக்ட் போன்ற தனியார் அமைப்புகள் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தன. 2010-இல் தூளுக்கும் கிராக்குக்குமான அந்த எடை விகிதம் 100-க்கு 1 என்பது 18-க்கு 1 ஆனது. சமமாகவில்லை, கவனியுங்கள். அந்த 15 வருடங்களில் உள்ளே போனவர்களின் கணக்கை யார் திருப்பித் தருவது? இருந்தாலும் அரசியல் காற்று மாறிய வேளையில் கையில் தயாராக ஒரு கணக்கு இருந்ததால்தான் அந்த அளவாவது நடந்தது.

கேள்வி: ஆய்வாளர் யோசனை அப்படியே சட்டமான உதாரணம் ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: பேபி பாண்ட். மத்திய ரிசர்வ் வங்கியின் 2022 கணக்குப்படி வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து) 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். இந்த இடைவெளி சம்பளத்தால் மட்டும் மூடாது, பரம்பரைச் சொத்து என்று ஒன்று இருக்கிறதே. ஆகவே ஏழைக் குழந்தை பிறக்கும்போதே அதன் பெயரில் அரசு பணம் போட்டு வைக்கட்டும் என்று டாரிக் ஹாமில்டன், வில்லியம் டாரிட்டி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2010-இல் எழுதினார்கள். கனெக்டிகட் மாநிலம் 2021-இல் அதைச் சட்டமாக்கியது. 2023 ஜூலை முதல், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 3,200 டாலர் முதலீடு. 18 வயதுக்கு மேல் படிப்புக்கோ வீட்டுக்கோ தொழிலுக்கோ எடுக்கலாம். இனம் பார்த்துக் கொடுப்பதில்லை, எல்லா ஏழைக் குழந்தைக்கும் உண்டு. நாடு முழுக்க இப்படி வேண்டும் என்று செனட்டர் கோரி புக்கர் கொண்டுவந்த மசோதா இன்னும் சட்டமாகவில்லை. எனக்கு இதில் ஒரு சந்தேகமும் உண்டு: இடைவெளி லட்சக்கணக்கில் இருக்கும்போது இந்தத் தொகை எந்த மூலைக்கு? ஆனால் சும்மா பேசிக்கொண்டிருந்ததைவிட மேல்.

கேள்வி: பணம் கொடுப்பவன் சொன்னபடிதானே எழுதுவார்கள்?

பதில்: எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைப் பற்றி எழுதுவது என்பதை நன்கொடையாளர் பையைத் திறக்கும் திசை நிறையவே தீர்மானிக்கிறது. பணம் வராவிட்டாலும் ஆபத்துதான்: மேலே சொன்ன ஜாயின்ட் சென்டரே 2010-களின் தொடக்கத்தில் மூடும் நிலைக்குப் போய், ஆட்கள் குறைந்து, 2014-க்குப் பிறகு ஸ்பென்சர் ஓவர்டன் காலத்தில்தான் மீண்டது. அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய், யார் பணம் என்று பாருங்கள். அப்புறம் எத்தனை பேரிடம், எப்படி விசாரித்தார்கள் என்று தேடுங்கள். இரண்டையும் சொல்லாத அறிக்கையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.